யாங்கோனில் பாதி மொட்டை

நீங்கள் என் தலையைத் தொடவே இல்லை, டாக்டர். தொட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறீர்கள். அது பொய்.

நான் குப்புறப் படுத்திருந்தேன். உங்கள் குரல் ஒரே ஒருமுறை வாசல் பக்கம் கேட்டது: "ஸ்டார்ட் பண்ணிடுங்க." அதோடு சரி. என் பின்மண்டையிலிருந்து முடியைப் பிடுங்கியதும், அதை முன்மண்டையில் நட்டதும் இரண்டு டெக்னீஷியன்கள். வேலை முடியும்வரை கிரிக்கெட் பேசினார்கள். ஒருவன் விக்கெட் விழுந்ததற்கு மேசையைத் தட்டினான். அந்த மேசையில்தான் என் தலை இருந்தது.

நான் கரூரில் டயர் ரீட்ரெட் கடை வைத்திருப்பவன். தேய்ந்த டயரை உரசி, பசை தடவி, புது ரப்பர் ஒட்டி, வேகவைத்துக் கொடுப்பது தொழில். நான் ஒட்டிய ரப்பர் ஹைவேயில் பிய்ந்துகொண்டால் லாரிக்காரன் நேராகக் கடைக்கு வருவான். என் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவான். நான் நின்று கேட்பேன். தப்பு என்னுடையதா, அவன் ஏற்றிய லோடா என்று டயரைத் திருப்பிப் பார்த்துப் பதில் சொல்வேன். ஷட்டரை இறக்கிவிட்டு ஓடியதில்லை.

நட்ட முடி முதலில் கொட்டும், பிறகு முளைக்கும் என்றார்கள். கொட்டியது. மூன்றாம் மாதம் முளைக்கவும் செய்தது. கூடவே பருக்களும் வந்தன. நெற்றிக்கு மேலே, நட்ட வரிசையிலேயே. சிலவற்றுக்கு மஞ்சள் முனை. சில வெறும் சிவப்பு உருண்டை, தொட்டால் காதுவரை வலி தெறிக்கும். படம் எடுத்து அனுப்பினேன். உங்கள் கோஆர்டினேட்டர் பெண்ணின் குரல் பதிவு வந்தது: "சார், இது நார்மல் சார். புது முடி வெளிய வர்றப்ப இப்படித்தான் இருக்கும். டச் பண்ணாதீங்க சார்." பரு கூடியது. மறுபடி படம் அனுப்பினேன். "நார்மல் சார்." சீழ் கட்டியது. மறுபடி படம். இந்த முறை குரல்கூட இல்லை. ஒரு கட்டைவிரல் பொம்மை.

அந்த நேரத்தில்தான் யாங்கோனிலிருந்து, நம் பழைய ரங்கூனிலிருந்து, தகவல் வந்தது. பெரியப்பா போய்விட்டார்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அப்பா கப்பலேறி இந்தியா வந்தபோது அவர் வரவில்லை. அங்கேயே துறைமுகத்தில் வேலை பார்த்து, அங்கேயே குடும்பமாகிவிட்டார். ஒரே மகள், மாரி அக்கா. மகன் இல்லை. மாரி அக்காவின் வீட்டுக்காரர் தாய்லாந்தில் வேலையில் இருக்கிறார், வர வழியில்லை. கொள்ளி வைக்கக் கோவில் கமிட்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அக்கா போனில் அழவில்லை. "கருமாதிக்காச்சும் சொந்த ரத்தத்துல ஒரு ஆம்பள வரணும் தம்பி" என்று மட்டும் சொன்னார். தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு அக்காவின் மகள் சூசூ வந்திருந்தாள். செல்போன் கடையில் வேலை செய்கிறவள். கன்னத்தில் வட்டமாகத் தனாக்கா பூசியிருந்தாள். மரப்பட்டையை உரைத்துப் பூசும் அந்தச் சந்தனம் மாதிரிக் குழம்பு அங்கே எல்லோர் முகத்திலும் இருக்கிறது. அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு மட்டும் மெதுவாக வரும். என்னை "ஊலே" என்று கூப்பிட்டாள். பர்மிய மொழியில் மாமா.

"ஊலே, தொப்பி... குளிருதா?"

வியர்வை கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "ஆமா" என்றேன்.

அந்த ஊர் டாக்சியில் ஒரு கூத்து. வண்டி சாலையின் வலது பக்கம் ஓடுகிறது. ஸ்டியரிங்கும் வலது பக்கம். நம் ஊர் நினைப்பில் இடது கதவைத் திறந்து இறங்கினால் நேராக பஸ்ஸின் மூக்கில்தான் இறங்க வேண்டும். நான் அப்படித்தான் இறங்கினேன். காரணம் மழை. கரூரில் ஒரு வருஷம் பெய்கிற மழை அங்கே மதியச் சாப்பாட்டுக்குள் பெய்துவிடும் போலிருக்கிறது. தெருவில் முழங்கால் தண்ணீர், டாக்சி இருமி இருமி நின்றுவிட்டது. நான் காலை வைக்கவும் ஒரு பஸ் கடந்து போகவும் சரியாக இருந்தது. சாக்கடைத் தண்ணீர் முழுசாக என் தலையில்.

தலையில் திறந்த பருக்கள், அதன்மேல் ஊர்ச் சாக்கடை. நடைபாதைக் கடையில் குடிதண்ணீர் பாட்டில்களை வாங்கி, தொப்பியைக் கழற்றி, கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு தலையில் ஊற்றினேன். வெற்றிலைக் கடைக்காரர் ஏதோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சொல்றாரு?"

சூசூ வாயைப் பொத்திக்கொண்டாள். "சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கே, இந்தியாக்காரருக்கு அதுக்குள்ள தின்ஜானான்னு கேக்கறாரு."

தின்ஜான் என்பது சித்திரையில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடும் அவர்கள் புத்தாண்டு. சிரிக்கட்டும். என் தலை எரிந்துகொண்டிருந்தது.

அக்கா வீடு லான்மடாவில், பழைய கட்டடத்தின் நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஏணி மாதிரிப் படிக்கட்டு. அதனால் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் கிளிப். கீழே கடைக்காரர் சாமானைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், மேலே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் ஊர் அடுக்குமாடிக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

துக்க வீடு, கறி மீன் இல்லை. புளிச்சக்கீரையை மூங்கில் குருத்தோடு வதக்கி வைத்திருந்தார் அக்கா. எங்கள் ஊரில் பருப்போடு கடைவோம். இங்கே இன்னும் புளிப்பு, இன்னும் காரம். இரண்டு முறை கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை பரிமாறும்போதுதான் அக்கா சொன்னார்.

"மொட்டைக்குக் கமிட்டியில சொல்லி வெச்சிருக்கு. கருமாதி அன்னைக்கு வெள்ளனயே அடிச்சிரலாம். அப்பறம் பிண்டம்."

"யாருக்கு மொட்டை?"

"வேற யாருக்கு? எனக்கா?"

மகன் இருந்தால்தான் மொட்டை, பங்காளி பிள்ளைக்கு மீசை எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். கேட்டுக்கொள்ளாமல் வந்தது என் மடத்தனம். "மீசைய மட்டும் எடுத்தா..." என்று இழுத்தேன்.

"மகன் எடத்துல ஒக்கார வந்திருக்க. மீச என்னத்துக்கு ஆவும்?" என்றார் அக்கா.

மறுநாள் காலை டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எழுதினேன். அந்த ஊர் டீக்கடை எனக்குப் பிடித்தது. தரையோடு தரையாகக் குட்டி ஸ்டூல், மேசையில் வெறும் தேத்தண்ணீர் பிளாஸ்க் இலவசமாக. கடைப் பையனைக் கூப்பிட முத்தம் கொடுப்பதுபோல் உதட்டைச் சப்புகிறார்கள். கரூரில் அப்படிச் செய்தால் அடி விழும். டீ பாதிக்குப் பாதி கெட்டிப்பால். தொட்டுச் சாப்பிட எண்ணெயில் பொரித்த நீள ரொட்டி. நாலு மேசையிலும் சளசளவென்று பேச்சு, நான் மட்டும் போனை முறைத்துக்கொண்டு இருந்தேன்.

"நட்டு நாலு மாதம் ஆகிறது. தலையில் சீழ்ப் பருக்கள். சாவுச் சடங்குக்குத் தலையை மழிக்கச் சொல்கிறார்கள். மழிக்கலாமா? முடி செத்துவிடுமா?" இதுதான் நான் எழுதியது. இதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பது?

பதில் வந்தது. "சார், ரிவ்யூக்கு நேர்ல வாங்க சார்."

"நான் பர்மாவில் இருக்கிறேன்."

"ஓகே சார். ரிட்டர்ன் வந்ததும் வாங்க சார்."

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. தொப்பிக்குள் என்னென்ன நடக்கிறதோ என்று நினைத்து நினைத்து விரல் தானாகத் தொப்பிக்கு அடியில் போனது. ஓர் உருண்டையைக் கிள்ளினேன். நகத்தில் ரத்தம். இந்தப் பழக்கம் என்னிடம் இருந்தது, மறைக்கவில்லை.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம். பெரியப்பா படத்துக்கு முன்னால் கும்பிடப் போனேன்.

"சாமி எடத்துல தொப்பி என்னத்துக்கு? கழட்டு" என்று சொல்லிக்கொண்டே அக்கா அதை எடுத்துவிட்டார். பிறகு இரண்டடி பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா! முத்து போட்டிருக்குடா!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காச்சல் இல்லியே. காச்சல் இல்லாமயும் வருவா. சூசூ, அடுப்ப அமத்து. தாளிக்காத." அம்மை வந்திருக்கிறதாம் எனக்கு. கொஞ்ச நேரத்தில் கோவிலிலிருந்து வேப்பிலைக் கொத்து வந்தது. வாசலில் ஒன்று, என் தலைமாட்டில் ஒன்று. தெருக் கயிற்று நுனியில் கிளிப்பில் மாட்டி ஒரு கொத்தைக் கீழே இறக்கிவிட்டார் அக்கா. வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்று. மோரும் கூழும்தான் இனி. என் மேல் கத்தி படக் கூடாது. ஆத்தா இருக்கும் வீட்டில் கருமாதியும் கூடாது.

எண்ணிப் பாருங்கள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சும்மா படுத்துக்கொண்டிருந்தால் என் முடி பிழைக்கும். எனக்குத் திருட்டுச் சந்தோஷம் வந்தது. மோரைக் குடித்துவிட்டு வேப்பிலை வாசனையில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அடுத்த நாள் அக்கா சமையல் கட்டிலிருந்து போன் பேசுவது கேட்டது. பக்கத்து ஊரான மாவ்பியிலிருந்து வாழை இலையோடு வரவேண்டிய சொந்தக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வராதீங்க அண்ணே. ஆத்தா வந்திருக்கா... இல்ல, எப்பன்னு தெரியாது... அப்பாவுக்குக் கொள்ளிக்கும் ஆள் வரல, இதுக்கும் கொடுத்து வெக்கல." அதன் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். தன் அப்பா இறந்த செய்தியைச் சொன்னபோது அழாதவர்.

எழுந்து போனேன். "அக்கா, இது அம்மை இல்ல."

"பின்ன?"

"முடி நட்டது."

"என்னது நட்டது?"

"பின்னாடி இருக்க முடியப் பிடுங்கி முன்னாடி நடுவாங்க. வழுக்கைக்கு. அதுல வந்த பரு."

அக்கா என் நெற்றிக்கு மேலே உற்றுப் பார்த்தார். "முடிய நடுறதா? அது என்ன நெல்லாடா, பறிச்சு நட?" சூசூ தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. தலைமாட்டுக் கொத்தை எடுத்து வந்து என் தோளில் ஓர் அடி வைத்தார். "எங்கப்பன் காரியத்துக்கு வந்துட்டு ஆத்தா பேரச் சொல்லிப் படுத்துக் கெடந்தியா? நேத்தே சொன்னா என்ன, வாய்ல கொழுக்கட்டையா?"

"நீதான் ஆத்தான்னு சொன்ன."

"நான் சொன்னா நீ இல்லன்னு சொல்றதுக்கென்ன?"

அக்கா கயிற்றை இழுத்து வேப்பிலையை மேலே எடுத்தார். மாவ்பிக்கு மறுபடி போன் போட்டார். "ஆத்தா மல ஏறிட்டா, வாங்க" என்று சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் மொட்டையை விடவும் இல்லை.

சூசூதான் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். பக்கத்தில்தான், லத்தா தெருக்களில் ஒன்றில், தங்க நகைக்கடைக்கு மேல் மாடியில். மின்சாரம் இல்லை, நடைபாதையில் வரிசையாக ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. டாக்டரம்மா பர்மியப் பெண், ஐம்பது வயது இருக்கும். என்னை உட்காரவைத்து, நெற்றியில் லைட்டை மாட்டிக்கொண்டு, என் தலையைத் தன் கையால் தொட்டார். கவனிக்கவும், டாக்டர். தன் கையால்.

அவர் கேட்பதை சூசூ தமிழில் சொன்னாள். "நட்ட டாக்டர் இதப் பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"அவர் பாக்கல."

"நட்டப்ப?"

"அப்பவும் பாக்கல."

டாக்டரம்மா லைட்டை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னதன் சுருக்கம் இது. இந்த மாதங்களில் கொஞ்சம் பரு வருவது உண்டு, புது முடி தோலைக் கிழித்து வரும்போது அடைத்துக்கொள்ளும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆனால் என் தலையில் இருப்பது எல்லாம் அந்த ரகம் இல்லை. ஒரு வரிசை முழுக்க முடியை ஆழமாக அமுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே தோல் மூடிக்கொண்டது. முடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு வளர்கிறது. அதில் சீழ் பிடித்திருக்கிறது.

"நகத்தால கிள்ளுனீங்களா?"

"இல்ல" என்றேன்.

சூசூ பர்மிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"ஊலே எப்பவும் கிள்ளுறாருன்னு சொன்னேன்."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். நகம் என் தப்பு. இரவு பகலாகத் தொப்பி போட்டு வியர்வையில் ஊறவைத்ததும் என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆழமாக நட்டது என் தப்பு இல்லை.

அவர் ஊசி முனையால் ஓர் உருண்டையின் வாயை லேசாகத் திறந்தார். இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். டயரில் பதிந்த கம்பியை நாங்கள் உருவுவதுபோல அது வளைந்து வளைந்து வந்தது. பஞ்சில் வைத்துக் காட்டினார். கைக்கடிகாரச் சுருள்வில் மாதிரி சுருண்ட முடி. என் முடி. பின்னால் நன்றாக வளர்ந்துகொண்டிருந்ததைப் பிடுங்கி, இங்கே உயிரோடு புதைத்திருக்கிறீர்கள். அப்படி இன்னும் சிலவற்றை எடுத்தார். மற்றவை மாத்திரையில் ஆறட்டும், வெந்நீர்த் துணி ஒற்றடம் போதும், தோண்டக் கூடாது என்றார்.

மொட்டையைப் பற்றிக் கேட்டேன். வெட்டுவதால் வேர் சாகாது, அந்தப் பயம் வேண்டாம் என்றார். ஆனால் சவரக் கத்தி கூடாது. ஒரு பருவின் சீழை மற்ற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும், ஒட்ட மழித்தால் முடி மறுபடி உள்ளே மடங்கும். மெஷினில், அழுத்தாமல், குட்டையாக வெட்டலாம். என் கேள்விக்கு ஒரு மூச்சில் பதில் வந்துவிட்டது. இதைச் சொல்ல உங்களுக்கு என்ன கேடு?

மாத்திரை மாலையில் மருந்துக் கடையிலிருந்து வந்தது. மணி அடித்தது, அக்கா கயிற்றை இழுத்தார். நேற்று வேப்பிலை இறங்கிய அதே கிளிப்.

கருமாதி அன்று காலை கோவில் பின்கட்டில் பஞ்சாயத்து. பூசாரி தலையை ஆட்டினார். "மெஷின் மொட்டையெல்லாம் சாஸ்திரத்துல இல்லீங்க."

அக்கா விடவில்லை. "சாஸ்திரத்துல மோட்டார் போட்டும் இல்ல. அப்பா சாம்பல அதுலதான ஆத்துக்குக் கொண்டு போனீங்க?"

காதுக்கு மேலே, பரு இல்லாத இடத்தில் கத்தி ஒருமுறை தொடட்டும், மிச்சம் மெஷின் என்று முடிவானது.

உட்கார்ந்தேன். அக்கா ஒரு பக்கமும் சூசூ ஒரு பக்கமுமாக என் கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார்கள். பர்மியர்கள் பிள்ளைகளைத் துறவு மடத்துக்கு அனுப்பும்போது மழிக்கிற முடி தரையில் விழாமல் வீட்டார் இப்படித் துணியில் ஏந்துவார்களாம். இங்குள்ள தமிழர் வீடுகளிலும் அந்தப் பழக்கம் நுழைந்துவிட்டது. என் ஊரில் மொட்டை முடியைக் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். இந்த முடியை என் அக்கா துணியில் ஏந்தினார்.

பின்னாலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். முன்பக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. பின்மண்டை முழுக்க முடிந்து மெஷின் உச்சிக்கு வந்தபோது சத்தம் நின்றது.

"மீ போயிருச்சு" என்றார் அக்கா. மீ என்றால் அங்கே கரண்ட். முறைவைத்துத்தான் வருகிறது, முறைவைத்துத்தான் போகிறது. கோவில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் வாங்க ஆள் போயிருந்தது.

பின்னால் மொட்டை, முன்னால் முடி, இடுப்பில் ஈர வேட்டி. மாவ்பிக்காரர்கள் இலைக்கட்டுகளின் மேல் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "முன்னால இந்தியா, பின்னால ரங்கூன்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். துக்க வீடு என்ற நினைப்பே இல்லை. அக்காவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சூசூ மட்டும் சிரிக்கவில்லை. என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல ஊலே."

"படம் எடுத்துக் காட்டு."

காட்டினாள். கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. திட்டுத் திட்டாக வெள்ளை, நடுநடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் முடி. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி பிடுங்கியிருக்கிறீர்கள். நீள முடி இருந்தவரை அது மூடியிருந்தது. முடி நட்டபின் நீங்கள் எனக்கு அனுப்பிய படங்களில் ஒன்றுகூடப் பின்பக்கத்தைக் காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சூசூவுக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போய்த் திட்டப்போகிறேன் என்றாள். அந்த நாட்டில் ஃபேஸ்புக்குக்குத் தடை, சுற்று வழியில்தான் திறக்க வேண்டும். அது சுற்றிச் சுற்றித் திறப்பதற்குள் நான் துணியில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரை அவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

"ஊலே. இது நீங்கதான?"

உங்கள் விளம்பரம். இரண்டு படங்கள். நடுவதற்கு 'முன்', நட்ட 'பின்'. முன் படத்தில் கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்திருந்தீர்கள். நெற்றியை மறைக்கவில்லை. என் நெற்றியில் இடது பக்கம் ஒரு தழும்பு உண்டு. டயர் விளிம்புக் கம்பி தெறித்துக் கிழித்தது, பிறை மாதிரி இருக்கும். முன் படத்தில் அந்தத் தழும்பு இருக்கிறது. அது நான்தான்.

பின் படத்தில் அடர்த்தியான கறுப்பு முடி. பரு ஒன்றுகூட இல்லை. தழும்பும் இல்லை.

அக்கா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். "முடி நட்டா தழும்புமா போவும்?" என்று கேட்டார்.

எனக்குள் இத்தனை நாள் கிடந்து துடித்த ஏதோ ஒன்று அந்தக் கேள்வியில் அடங்கிப்போனது. எந்த முடியைக் காப்பாற்ற நான் வேப்பிலைக்குள் ஒளிந்தேன்? நீங்கள் காட்டுகிற அந்த முடி என் தலையில் என்றைக்கும் இல்லை.

ஜெனரேட்டர் உறுமியது. முடிவெட்டுகிறவர் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, போகலாமா என்று அக்காவிடம் சைகையில் கேட்டார்.

"எடுங்க" என்றேன். "முன்னாடியும் எடுங்க."

பருக்களைச் சுற்றிப் பார்த்துப் பார்த்து எடுத்தார். வலித்தது. நட்ட வரிசை துணியில் விழுந்தபோது அக்கா துணியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பிண்டம் வைத்தேன். படகுத்துறைக்குப் போய்த் தண்ணீரில் விட்டோம், துணியில் ஏந்திய முடியையும் சேர்த்து. மழை தூறிக்கொண்டிருந்தது. தொப்பி இல்லாத தலையில் மழை பட்டால் எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன். "அப்பாவுக்கு ஆச்சு" என்றார் அக்கா. கரை ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது கரூரில் இருக்கிறேன். மாத்திரை முடிந்தது. பருக்கள் காய்ந்து வருகின்றன, சில இடங்களில் குழி விழுந்திருக்கிறது. தினமும் காலையில் கண்ணாடி முன் நிற்கும்போது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. உள்ளே இன்னும் எத்தனை சுருண்டு கிடக்கிறதோ தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன். கடைக்கு மொட்டைத் தலையோடுதான் போகிறேன்.

டாக்டர், சூசூ எடுத்த படத்தை இதோடு சேர்த்து ஃபேஸ்புக்கில் போடுகிறேன். என் பின்மண்டை, மறைக்காமல். உங்கள் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனக்கு ரிவ்யூ வேண்டாம். அந்தப் பெண்ணின் குரல் பதிவு வேண்டாம். தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பவும் வேண்டாம். விளம்பரம் போட்ட அதே இடத்தில், நாளைக்கு உங்கள் மேசையில் குப்புறப் படுக்கப் போகிறவன் படிக்கிற மாதிரி, உங்கள் பெயரில் எழுதுங்கள். என் தலையில் நட்டது யார்? நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? அந்த 'பின்' படத்தில் இருப்பது யாருடைய தலை?

கட்டைவிரல் பொம்மை போடாதீர்கள். வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.